கையில் கட்டிய வானவில் என்ன விலை?

2023 ஜூலை மாதக் கடைசியில் சவூதி அரேபியாவின் தம்மாம் நகரக் கால்பந்து கிளப்பான அல் இத்திஃபாக் ஒரு வீடியோவை வெளியிட்டது. லிவர்பூல் அணியின் கேப்டன் ஜோர்டான் ஹெண்டர்சன் இனி எங்கள் ஆட்டக்காரர் என்று அறிவிக்கும் வீடியோ. நடுவில் அவருடைய பழைய படம் ஒன்று வந்து போனது. லிவர்பூல் சட்டை, கையில் கேப்டன் பட்டை. அந்தப் பட்டை உண்மையில் வானவில் நிறத்தில் இருந்தது. வீடியோவில் அது சாம்பல் நிறத்தில் இருந்தது.

அவர் கேட்டுச் செய்ததல்ல என்றே வைத்துக்கொள்வோம். வாங்கியவர்கள் தமக்கு வேண்டிய நிறத்தில் வாங்கிக்கொண்டார்கள். நம் கேள்வி விற்றவரைப் பற்றியது. அதைவிட முக்கியமாக, அந்தப் பட்டையை நம்பியவர்களைப் பற்றியது.

ஒரு தலித் இயக்கத்தின் பக்கத்தில் இங்கிலாந்துக் கால்பந்து எதற்கு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். படித்து முடித்துவிட்டுக் கேளுங்கள். இது நம் கதையும்தான்.

ஹெண்டர்சன் லிவர்பூலுக்கு 2011-ல் வந்தவர். 2015 முதல் கேப்டன். 2019-ல் சாம்பியன்ஸ் லீக், 2020-ல் பிரீமியர் லீக் கோப்பைகளைத் தூக்கியவர். கொரோனா காலத்தில் மற்ற கேப்டன்களோடு சேர்ந்து பொது மருத்துவமனைகளுக்கு நிதி திரட்டியவர். வானவில் ஷூ லேஸ் பிரச்சாரத்தில் முன்னால் நின்றார். யாரை நேசிக்கிறார் என்பதற்காக ஒருவரைக் கால்பந்திலிருந்து ஒதுக்கக் கூடாது என்று பேசினார், எழுதினார். இதெல்லாம் நடிப்பு என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. மனதாரத்தான் செய்திருப்பார்.

அந்தச் சொல்லுக்கு இருந்த எடையைப் புரிந்துகொள்ள இன்னொருவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜஸ்டின் ஃபஷானு. 1981-ல் 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கப்பட்டவர். அவ்வளவு விலை பேசப்பட்ட முதல் கறுப்பின ஆட்டக்காரர். 1990-ல் தான் தன்பால் ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னார். 1998-ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இங்கிலாந்தின் தொழில்முறை ஆண்கள் கால்பந்தில், ஆடிக்கொண்டிருக்கும்போதே அப்படிச் சொன்ன அடுத்த ஆள் 17 வயது ஜேக் டேனியல்ஸ். அது 2022. இடையில் 32 ஆண்டுகள். அத்தனை ஆண்டும் அந்த மைதானங்களில் பால்புதுமையினர் ஒருவர்கூட ஆடவில்லையா? ஆடினார்கள். வாயைத் திறக்கவில்லை.

அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கேப்டன் வானவில் பட்டை கட்டிக்கொண்டு வந்தால், கேலரியில் பயந்து உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அது வெறும் துணி இல்லை. லிவர்பூலின் பால்புதுமை ரசிகர்கள் கோப் அவுட்ஸ் என்ற பெயரில் அமைப்பாகத் திரண்டிருப்பவர்கள். அவர்கள் ஹெண்டர்சனைத் தம்மில் ஒருவராகவே கொண்டாடினார்கள். அவர் போன இடமோ, ஒருபால் உறவு குற்றம் என்று சொல்லும் நாடு. அதற்கு மரண தண்டனை வரை விதிக்க இடமிருக்கும் நாடு. அந்த ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

செப்டம்பரில் ஒரு நீண்ட பேட்டியில் ஹெண்டர்சன் தன் தரப்பைச் சொன்னார். புண்பட்டவர்களிடம் வருத்தம் தெரிவித்தார். அவருடைய வாதங்களின் சாரம் மூன்று. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்போம், ஏனென்றால் இந்த மூன்றையும் நாளை உங்கள் ஊரிலும் கேட்பீர்கள்.

முதல் வாதம்: பணம் காரணமல்ல. லிவர்பூல் தன்னைப் பிடித்துவைக்க முயலவில்லை, பத்திரிகைகளில் வந்த சம்பளத் தொகைகளும் உண்மையல்ல என்றார். சரி, தொகையை விடுவோம். பழைய கிளப் வேண்டாம் என்றால் உலகத்தில் வேறு கிளப்பே இல்லையா? அதே கேப்டனை வாங்க ஐரோப்பாவில் ஒரு கிளப் இருந்தது என்பது ஆறே மாதத்தில் தெரிந்துவிட்டது. 2024 ஜனவரியில் அவர் ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் அணிக்குப் போய்விட்டார்.

இரண்டாவது வாதம்: அந்த நாட்டின் மதத்தையும் கலாச்சாரத்தையும் மதிக்க வேண்டும். தோழர்களே, இந்தச் சொல்லை நமக்குத் தெரியாதா? இரட்டைக் குவளை கலாச்சாரம். தேர் நம் தெருவுக்குள் வராமல் திரும்பிப் போவது கலாச்சாரம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பது ஊர் வழக்கம். ஊர் வழக்கத்தை மதிக்கச் சொல்பவர் எப்போதும் அந்த வழக்கத்தால் அடிபடாதவராகவே இருக்கிறார். சவூதியிலும் தன்பால் ஈர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களும் அந்தக் கலாச்சாரத்தில் பிறந்தவர்கள்தான். ஹெண்டர்சன் மதித்தது அவர்களுடைய கலாச்சாரத்தை அல்ல, அவர்கள்மேல் கம்பு ஓங்கியவர்களுடைய கலாச்சாரத்தை.

மூன்றாவது வாதம்: தன்னைப் போன்ற ஒருவர் அங்கே இருப்பதே நல்லதற்கு உதவலாம். ஆறு மாதத்தில் அங்கே என்ன மாறியது? மாறியது இங்கிலாந்தில்தான். அக்டோபரில் வெம்ப்ளியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டத்தில் சொந்த நாட்டு ரசிகர்களே அவரைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். சவூதிக்கு வேண்டியது கிடைத்தது. பெரிய பெயர்களை வாங்கி வாங்கி, 2024 டிசம்பரில் 2034 உலகக் கோப்பையையே வாங்கிக்கொண்டது.

ஆனால் ஹெண்டர்சன் ஒருவரை வில்லனாக்கிவிட்டுக் கலைந்து போவது சுலபம். அவர் ஆடிய லீக்கைப் பாருங்கள். வானவில் லேஸ் பிரச்சாரத்தை ஆண்டுதோறும் நடத்திய பிரீமியர் லீக்தான், 2021 அக்டோபரில் நியூகாசில் கிளப்பின் 80 சதவீதத்தைச் சவூதி பொது முதலீட்டு நிதியம் வாங்குவதற்கு ஒப்புதல் கொடுத்தது. ஒரு கையில் லேஸ், இன்னொரு கையில் பத்திரம். ஆட்டக்காரர் முதலாளியிடம் கற்ற பாடத்தைத்தான் ஒப்பித்தார்.

இதைவிடத் தெளிவான ஒரு காட்சி இருக்கிறது. 2022 நவம்பர் 21. தோஹாவின் கலீஃபா மைதானம். கத்தார் உலகக் கோப்பையில் இங்கிலாந்தும் ஈரானும் மோதின. இங்கிலாந்து உட்பட ஏழு ஐரோப்பிய அணிகளின் கேப்டன்கள், எல்லா வகை அன்பும் ஒன்றே என்று சொல்லும் பலவண்ணப் பட்டை கட்டி இறங்குவதாக அறிவித்திருந்தார்கள். அபராதம் என்றால் கட்டிவிடலாம் என்று இருந்தார்கள். கட்டினால் மஞ்சள் அட்டை என்று ஃபிஃபா மிரட்டியது. ஒரு மஞ்சள் அட்டை! ஏழு பேரும் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து ஜெர்மனி அணி வாயைப் பொத்திக்கொண்டு போட்டோவுக்கு நின்றது. பொத்தியதில் குறையில்லை. அந்த வாயால் அதற்கு முன் ஏதாவது பேசியிருக்கலாம்.

இங்கிலாந்து கேப்டன் பட்டையைக் கழற்றிய அதே ஆட்டத்தில், எதிரே நின்ற ஈரான் வீரர்கள் தங்கள் தேசிய கீதம் ஒலித்தபோது உதட்டை அசைக்கவில்லை. தெருவில் பெண்கள் செத்துக்கொண்டிருந்த நாடு. மேடையில் நிற்பவர்களுக்குத் திரும்பிப் போக வீடு அங்கேதான். அடுத்த ஆட்டத்தில் அவர்கள் பாடினார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்லும் தகுதி உலகத்தில் யாருக்கும் இல்லை. ஒரு பக்கம் மஞ்சள் அட்டை, மறு பக்கம் சிறை. எந்தப் பக்கம் முதலில் பின்வாங்கியது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அந்தக் கலீஃபா மைதானத்தை நமக்கு ஏற்கெனவே தெரியும். 2006 டிசம்பர் ஆசியப் போட்டியின் தடகளம் அங்கேதான் நடந்தது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியிலிருந்து போன தலித் பெண், செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் சாந்தி சௌந்தரராஜன் 800 மீட்டரில் வெள்ளி வாங்கியது அந்தத் தடத்தில். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. தன் உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். பிறகு அவரும் சூளையில் கூலிக்குப் போனார். பயிற்சியாளர் வேலைக்காகப் பல ஆண்டுகள் அலைந்தார். அன்றைக்கு அவர் பக்கம் பட்டை கட்டிக்கொண்டு நின்ற நட்சத்திர வீரர் யார்? பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஒடிசாவின் சக்கா கோபால்பூர் நெசவாளர் வீட்டிலிருந்து வந்த டூட்டி சந்தும் இதே சோதனையில் மாட்டினார். வழக்காடி மீண்டும் ஓடினார். 2019 மே மாதம், தான் ஒரு பெண்ணை நேசிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். குடும்பமே எதிர்த்தது. கேப்டன் பட்டையும் இல்லை, பெரிய கிளப்பும் இல்லை. இழப்பதற்கு நிறைய இருந்தது, தாங்கிக்கொள்ள ஒன்றும் இல்லை. பேசினார்.

கையில் அதிகம் இருப்பவர் குறைவாகவே இழக்கத் துணிகிறார் என்பதற்குக் கால்பந்திலேயே சான்று உண்டு. 2023 மகளிர் உலகக் கோப்பைக்குச் சவூதி சுற்றுலா அமைப்பு ஸ்பான்சராகப் போகிறது என்று செய்தி வந்ததும் வீராங்கனைகள் கொதித்தார்கள். போட்டியை நடத்தும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சங்கங்கள் எதிர்த்தன. அந்தத் திட்டம் மார்ச் மாதத்தில் கைவிடப்பட்டது. 2024 அக்டோபரில், சவூதி அரசின் எண்ணெய் நிறுவனமான அராம்கோவோடு போட்ட ஒப்பந்தத்தை ரத்துசெய்யச் சொல்லி நூற்றுக்கும் மேற்பட்ட வீராங்கனைகள் ஃபிஃபாவுக்குக் கடிதம் எழுதினார்கள். ஆண்களின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் இவர்கள் வாங்குவது சில்லறை. ஸ்பான்சர் பணம் இவர்களுக்குத்தான் அதிகம் தேவை. அந்தப் பணத்தைத்தான் வேண்டாம் என்றார்கள்.

விலை கொடுத்த தோழமை எப்படி இருக்கும் என்று கேட்டால் பீட்டர் நார்மனைப் பாருங்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக். 200 மீட்டர் பரிசு மேடையில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் கறுப்புக் கையுறை போட்டு முஷ்டி உயர்த்தினார்கள். வெள்ளி வாங்கிய ஆஸ்திரேலிய வெள்ளைக்காரர் நார்மன். அவர் முஷ்டி உயர்த்தவில்லை. அது அவர்களுடைய முஷ்டி. ஆனால் அவர்களுடைய மனித உரிமை பேட்ஜைக் கேட்டு வாங்கி நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றார். அன்று அவர் ஓடிய நேரம் 56 ஆண்டுகள் ஆஸ்திரேலிய சாதனையாக இருந்தது. 1972 ஒலிம்பிக்கிற்கு அவரை அனுப்பவில்லை. அது தண்டனை இல்லை என்று அந்நாட்டு ஒலிம்பிக் குழு சொல்கிறது. அப்படியென்றால் 2012-ல் நாடாளுமன்றம் எதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டது? கேட்டபோது அவர் உயிரோடு இல்லை. 2006-ல் இறந்தார். சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் ஸ்மித்தும் கார்லோஸும் இருந்தார்கள். விளையாட்டு உலகம் தரும் எந்த விருதைவிடவும் அந்த இரண்டு தோள்கள் பெரிது.

இங்கே இரண்டு எதிர்க்கேள்விகள் வரும்.

ஒன்று: நம் ஆட்களும் தம்மாமுக்கு வேலைக்குப் போகிறார்களே, ஹெண்டர்சன் போனால் மட்டும் தப்பா? தப்புத்தான். ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, தங்கச்சி கல்யாணத்துக்கும் வீட்டுக் கூரைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டு போகிறவருக்கு வேறு வழி இல்லை. இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பறிகொடுப்பவர் அவர். அவர் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அவர் முகத்தை வைத்து எந்த அரசும் தன் கறையைக் கழுவவில்லை. ஹெண்டர்சனின் முகம் அதற்காகத்தான் வாங்கப்பட்டது. வயிற்றுக்குப் போகிறவரையும் முகத்தை வாடகைக்கு விடுகிறவரையும் ஒரே தராசில் வைப்பது மோசடி.

இரண்டு: இதையெல்லாம் பேசினால் இஸ்லாமியர் மீதான வெறுப்புக்குத் தீனி ஆகாதா? இந்த எச்சரிக்கை நியாயமானது. ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: எங்கள் சண்டை முடியாட்சியோடும் பணத்தோடும். இஸ்லாமியரோடு அல்ல. இந்தியாவில் ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவை எழுதியது 1860-ல் பிரிட்டிஷ் ஆட்சி. அதை உச்ச நீதிமன்றம் நீக்கியது 2018 செப்டம்பரில். சவூதிக்கு ஆயுதம் விற்றுக்கொண்டே வானவில் கொடி ஏற்றுவதும் அதே பிரிட்டன்தான். சவூதியைக் காட்டி நம் ஊர் இஸ்லாமியரைத் திட்ட வருகிற சங்கிகளுக்கு இந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இடமில்லை. 2023 அக்டோபரில் தன்பாலினத் திருமணத்துக்கு நீதிமன்றம் அங்கீகாரம் மறுத்த வழக்கில், எதிர்த்து நின்றது உங்கள் ஒன்றிய அரசுதான்.

இனி நம் மைதானத்துக்கு வருவோம். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்திய மகளிர் ஹாக்கி அணி தோற்றது. ஹரித்வார் அருகே வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன் பட்டாசு வெடித்து, தலித்துகளைச் சேர்த்ததால்தான் அணி தோற்றது என்று சாதி சொல்லித் திட்டினார்கள். அவர் நாட்டுக்காக ஹாட்ரிக் கோல் போட்டு நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ஹாக்கி கேப்டன் ராணி ராம்பால் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். அவருக்கு நம் மரியாதை. இரண்டரை மாதம் கழித்து துபாயில் டி20 உலகக் கோப்பை. இந்தியக் கிரிக்கெட் அணி கறுப்பின மக்களுக்கு ஆதரவாக முழங்காலிட்டது. நிர்வாகம் சொன்னது, செய்தோம் என்ற அளவில் கேப்டன் விளக்கினார். அமெரிக்காவின் நிறவெறிக்கு முழங்கால் மடங்கியது. ஹரித்வாரின் சாதிவெறிக்கு அந்த முழங்கால் மடங்கியதா? தூரத்து அநீதியைக் கண்டிக்கச் செலவில்லை. பக்கத்து அநீதியைக் கண்டித்தால் விளம்பர ஒப்பந்தம் போகும்.

மற்றவர்களைக் கேட்டுவிட்டோம். நம்மையும் கேட்டுக்கொள்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஏப்ரல் 14 கூட்டத்துக்கு ஒரு கல்லூரி உரிமையாளர் இலவசமாக மண்டபம் கொடுத்தார். அண்ணலுக்கு ஆளுயர மாலை போட்டார். போட்டோ எடுத்துக்கொண்டோம், போஸ்டரில் அவர் பெயரைப் பெரிதாகப் போட்டோம். அதே ஆண்டு, சாதி மாறிக் காதலித்ததற்காகக் கொல்லப்பட்ட ஒரு தம்பிக்கு அஞ்சலிக் கூட்டம் நடத்த அதே மண்டபத்தைக் கேட்டோம். பெயிண்ட் அடிக்கிறார்கள் என்றார். மண்டபத்தின் சுவரைப் போய்ப் பார்த்தோம். பெயிண்ட் வாசமே இல்லை. அவர் நம்மை ஏமாற்றினார் என்று அன்று கோபப்பட்டோம். இன்று யோசித்தால், மாலைக்கு மட்டும்தான் நாங்கள் அவரிடம் கேட்டிருந்தோம். அவர் கொடுத்துவிட்டார்.

இன்னொன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்கிறோம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு தம்பி ஒருநாள் கேட்டான்: "அண்ணே, ஆணவக்கொலைன்னா ராத்திரியோட ராத்திரியா ஓடுறீங்க. நான் ஒரு பையனோட பழகுறேன்னு எங்க வீட்டுல என்னைக் கட்டிவச்சு அடிச்சப்ப ஏன் யாரும் வரல?" அது வேற விஷயம் தம்பி என்று எங்களில் ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டோம். அவன் அடுத்த வாரம் வரவில்லை.

அது வேறு விஷயமா? சாதியின் உயிர்நாடி அகமணம் என்று அண்ணல் அம்பேத்கர் 1916-லேயே கட்டுரை எழுதிக் காட்டினார். யார் யாரோடு படுக்கலாம், யார் யாரைக் கட்டலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் குடும்பத்திடமும் ஊரிடமும் இருக்கும்வரை சாதி இருக்கும். இளவரசனையும் சங்கரையும் நம்மிடமிருந்து பறித்த அதே அதிகாரம்தான் அந்தத் தம்பியைத் தூணில் கட்டியது. கயிறு ஒன்றுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் ஹெண்டர்சனை விமர்சிக்கும் தகுதி நமக்கு இல்லை. அவர் பட்டையைக் கட்டிவிட்டுக் கழற்றினார். நாம் கட்டவே இல்லை.

ஆகவே தோழர்களே, கல்லூரியில், சங்கத்தில், மேடையில் யாராவது உங்கள் பக்கம் நிற்பதாகச் சொன்னால் மகிழ்ச்சியாக வரவேற்றுவிட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். இதற்காக எதை இழக்கத் தயார்? நாங்கள் இல்லாத அறையில், உங்கள் சொந்தக்காரர்கள் நடுவில், உங்கள் முதலாளி முன்னால் இதைச் சொல்வீர்களா? கேமரா போன பிறகு மண்டபத்தைக் கொடுப்பீர்களா?

பதில் வராவிட்டால் பரவாயில்லை. அவர் தரும் போட்டோவை வாங்கிக்கொள்ளுங்கள், நம்பிக்கையை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். லிவர்பூல் ரசிகர்கள் இன்றும் தங்கள் பேனரோடு அதே கேலரியில்தான் உட்காருகிறார்கள். கேப்டன் போன பிறகும் அவர்களைத் தாங்கியது அவர்களுடைய அமைப்பு. நம்மையும் அதுதான் தாங்கும்.

பிறகு அதே மூன்று கேள்விகளையும் கண்ணாடி முன் நின்று கேளுங்கள். நாங்களும் கேட்டோம். வரும் ஏப்ரல் 14 கூட்டத்தில் பால்புதுமைத் தோழர்கள் பேசுகிறார்கள். கடைசியில் ஐந்து நிமிடம் அல்ல, முதல் அமர்வே அவர்களுடையது. அதனால் எங்களுக்கு வழக்கமாக வரும் இரண்டு நன்கொடைகள் நின்றுவிட்டன. மண்டபம் இல்லை, தெருமுனையில் பந்தல் போடுகிறோம். அந்தத் தம்பிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறோம். வருவானா தெரியாது. நாற்காலி போட்டு வைத்திருப்போம்.

ஜெய் பீம்.